பிரிபடாச் செய்கையும் கணனிப் பொறிகளும்

அணுவெனப்படுவது மேலும் பகுக்கவொண்ணாதது என்பது பண்டையோர் துணிபு. பௌதிகவியலார் அதனைப் பிளந்துவிட்டனர். ஆயினும் கணனி நூலார் அப்பழம் பொருளிலேயே அச்சொல்லை வழங்குகின்றனர். இடையிற் பிறிதொன்று புகவியலாதபடி ஒரே மூச்சில் நிகழ்ந்து முடியுஞ் செய்கையை அவர் அணுச்செய்கை என்பர்.

ஒரே பேரேட்டில் இரு கணக்கப்பிள்ளைகள் எழுதுகின்றனர் எனக் கொள்க. ஏட்டில் 10 என்றிருக்கின்றது. ஒருவர் அதனைப் படித்து, ஒன்று கூட்டி, 11 என எழுதுமுன்னரே மற்றவரும் 10 எனப் படித்துவிடுகின்றார். ஈற்றில் இருவரும் 11 என்றே எழுத, 12 ஆகவேண்டிய தொகை குறைந்து நிற்கும். இவ்வகை வழு சிறிதன்று. தெறக்-25 என்னுங் கதிர்ச்சிகிச்சைப் பொறியினால் 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளர் அளவிறந்த கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். அவருட் சிலர் மாண்டனர். அதன் செய்நிரலிலே, பொது மாறிகளைச் சோதித்தலும் மாற்றுதலும் பிரிபடாச் செய்கையாய் அமையாமையை 1993 இல் நான்சி இலெவெசன், கிளார்க் தேர்னர் ஆகிய இருவரும் எடுத்துக்காட்டினர்.

சோதித்தலையும் மாற்றுதலையும் ஓர் அறிவுறுத்தலாகவே பொறியில் அமைத்துவிட்டால் இடர் தீரும். ஐ.பி.எம். 360 தொகுதிப் பொறிகள் அவ்வசதியைப் பெற்றிருந்தன. அஃதில்லாத பொறிகள் யாது செய்வன?

ஒல்லாந்தின் அம்ஸ்ரடாம் நகர்க் கணித நிலையத்திலே, 1960 ஐ ஒட்டிய ஆண்டுகளில், எட்ஸ்கர் டைக்ஸ்ரா இவ்வினாவைத் தம் உடனுழைப்போர்முன் வைத்தார். படித்தல், எழுதுதல் என்னும் இரண்டை மட்டுங்கொண்டு, ஒருவர் உள்ளிருக்கையில் மற்றவர் புகாதவாறு காக்கவியலுமா? வந்த விடைகள் பல வழுவின. கணித அறிஞர் டெக்கர் அளித்த விடை நிலைபெற்றது. இரு முறைவழிகளுக்குந் தனித்தனிக் கொடி. முறை யாருடையது எனக் காட்டப் பொதுக்குறி ஒன்று. உட்புக விழைவது முதலில் தன் கொடியை உயர்த்தும். பின்னரே மற்றதன் கொடியை நோக்கும். இரண்டும் உயர்ந்திருப்பின், முறையில்லாதது தன் கொடியைத் தாழ்த்திக் காத்திருக்கும். வெளியேறுவது முறையை மற்றதற்கு விட்டுச் செல்லும். உயர்த்திய பின் நோக்குதல் என்னும் அவ்வொழுங்கிலேதான் இம்முறையின் உயிர் தங்கியுள்ளது. இக்காலப் பொறிகளோ விரைவு கருதி அவ்வொழுங்கைத் தாமே மாற்றிவிடும். ஆதலின் வேலிபோன்ற தனி அறிவுறுத்தலை இடையே வைத்தாலன்றி டெக்கரின் நுட்பம் அவற்றிற் பலியாது.

எத்துணை முறைவழிகளுக்கும் பொருந்துமாறு டைக்ஸ்ரா 1965 இல் வெளியிட்ட தீர்வு ஒரு பக்கத்துள் அடங்கியது. அடுத்த ஆண்டு அதே சஞ்சிகையில் எளிதெனத் தோன்றிய வேறொரு தீர்வு வெளிவந்தது; அது பிழையென டொனால்ட் நூத் காட்டினார். டைக்ஸ்ராவின் தீர்விலும் ஒரு முறைவழி என்றென்றுங் காத்திருக்க நேரலாம் என்பதையும் அவரே சுட்டினார். 1974 இல் லெஸ்லி லம்போட் வெதுப்பகத்திற் சீட்டுப் பெற்று நிற்பாரை உவமையாக்கி ஒரு முறை வகுத்தார். தனித்தனிப் படித்தலும் எழுதுதலுங்கூடப் பிரிபடாதனவாய் இருக்கவேண்டியதில்லை என்பது அதன் வியப்பு. பீற்றர்சன் 1981 இல் தந்த தீர்வு டெக்கருடையதினுஞ் சுருங்கியது. மாணவர் பெரும்பாலும் அதனையே கற்பர்.

இவை யாவும் குறுக்கீட்டை அஞ்சிக் கதவடைக்கும் வழிகள். 1992 இல் பேர்ஷட், றெடெல், எலிஸ் ஆகிய மூவர் மறுதலையாய் எண்ணினர். அணுச்செய்கை அறிவுறுத்தல் இல்லாத மிப்ஸ் ஆர்3000 போன்ற பொறிகளில் முறைவழியாக்கி ஒன்றே இருப்பின், குறுக்கீடு மிக அரிதாகவே நேரும். அதற்காக ஒவ்வொரு முறையும் பணிசெயல் முறைமையை அழைத்தல் வீண்செலவு. ஆகவே குறுக்கீடு நேருமாயின் நேரட்டும் என விட்டனர். படித்தல், கணித்தல், இறுதியில் எழுதுதல் என்னுந் தொடரின் நடுவே ஒரு முறைவழி நிறுத்தப்பட்டதாயின், அது மீளும்போது பணிசெயல் முறைமை அதனைத் தொடரின் தலைப்புக்கே அனுப்பிவிடும். எழுதுதல் ஈற்றில் மட்டும் நிகழ்வதால், மீளத் தொடங்குவதாற் கேடில்லை.

பழைய ஆர்ம் பொறிகளில் லினக்ஸ் இவ்வழியையே கைக்கொண்டது. ஒப்பிட்டு மாற்றுஞ் சிறு தொடரொன்றை நினைவகத்தின் உச்சியில் மாறாத முகவரியில் வைத்து, செய்நிரல்கள் அதனையே அழைக்கச் செய்தது. புதிய பொறிகளில் அதே முகவரியில் உண்மையான அணு அறிவுறுத்தல்கள் அமர்த்தப்பட்டன. அழைத்த செய்நிரல்களுக்கு வேறுபாடு தெரியவில்லை.

முறைவழியாக்கி இரண்டாகுமிடத்து இத்தந்திரம் தனியே போதாது. மற்றது நிறுத்தப்படாமலே உட்புகுந்து எழுதிவிடும். 2021 இல் வெளிவந்த ஆர்பி2040 என்னுஞ் சில்லில் அத்தகைய இரண்டுள. ஒப்பிட்டு மாற்றும் அறிவுறுத்தலோ இல்லை. அதற்கு ஈடாக 32 பூட்டுகளைச் சில்லிலேயே அமைத்துள்ளனர். இதற்கு மூன்றாண்டு முன்னர், 2018 இல், மூவரின் மீளத்தொடங்கும் முறை லினக்ஸில் வேறு வடிவில் மீண்டும் இடம்பெற்றது. இம்முறை அது வந்தது அணு அறிவுறுத்தல் இல்லாமையால் அன்று. உள்ள அறிவுறுத்தலே தாமதமென்று கருதப்பட்டதால்.