யார் கண்ணுக்குத் தெரியாத தங்கம்? கோலார் தங்கவயல்: பாறையின் வரலாறும் குழியின் வரலாறும்

கோலார் தங்கவயலைப் பற்றி எழுதுகிற எல்லோருக்கும் ஒரு தொடக்கம் தயாராக இருக்கிறது. நியூசிலாந்தில் மாவோரிகளுக்கு எதிரான போரில் இருந்துவிட்டு பெங்களூரில் வந்து தங்கிய மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் 1871ல் ஒரு பழைய அறிக்கையைப் படிக்கிறார். மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு ஏறக்குறைய 60 மைல் போகிறார். தங்கம் 'கண்டுபிடிக்கப்படுகிறது'. பிறகு கம்பெனி வருகிறது, மின்சாரம் வருகிறது, துரைமார்களின் கிளப் வருகிறது. கூலிகளும் வருகிறார்கள், கடைசி வரியில்.

இந்தக் கதையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்க வேண்டியிருக்கிறது. கண்டுபிடிச்சாங்கன்னா, அதுவரைக்கும் அது யார் கண்ணுக்குத் தெரியாம இருந்தது?

லாவெல் படித்த அறிக்கை லெப்டினன்ட் ஜான் வாரன் எழுதியது. திப்பு வீழ்ந்த பிறகு, 1802ல் மைசூரின் எல்லையை அளக்க வந்தவர் வாரன். இந்தப் பக்கத்து மண்ணில் தங்கம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, காட்டுகிறவர்களுக்குப் பரிசு உண்டு என்று அறிவிக்கிறார். ஜனங்கள் மண்ணைக் கொண்டுவந்து அவர் முன்னாலேயே அலசிப் பொன் துகளை எடுத்துக் காட்டுகிறார்கள். மாரிக்குப்பத்தில் அவர் பார்த்தது இன்னும் முக்கியமானது. அங்கே பறையர்கள் குழி இறங்கிக் கல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கூடை கை மாறி மாறி மேலே வந்தது. பெண்கள் அந்தக் கல்லை இடித்துப் பொடியாக்கி, நீரில் அலசித் தங்கத்தைப் பிரித்தார்கள். அதாவது சுரங்கம், அரைவை, பிரிப்பு என்று பின்னாளில் கம்பெனி பெரிய எந்திரங்களை வைத்துச் செய்த மூன்று வேலையும் அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. வாரன் கண்டது தங்கத்தை அல்ல, தங்கம் எடுப்பவர்களை.

இப்போது பாறைக்கு வருவோம். தங்கவயல் இருப்பது கோலார் கருங்கற்பட்டை என்று சொல்லத்தக்க ஒரு நிலப்பகுதியில். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளம், சில கிலோமீட்டரே அகலம். சுற்றிலும் வெளிறிய நைஸ் பாறை. நடுவில் இருப்பது கருத்த ஆம்பிபோலைட். இது ஏறக்குறைய 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் பொங்கி உறைந்த எரிமலைக் குழம்பு. பின்னால் மடிந்து, நசுங்கி, வெந்து உருமாறியது. அப்படி நசுங்கும்போது உண்டான வெடிப்புகள் வழியாக ஆழத்திலிருந்து சூடான நீர் மேலேறியது. அந்த நீரில் கந்தகத்தோடு சேர்ந்து தங்கம் கரைந்திருந்தது. அழுத்தம் குறைந்த இடத்திலும், சுற்றுப் பாறையின் இரும்பு கந்தகத்தை இழுத்துக்கொண்ட இடத்திலும் தங்கம் கரைசலில் நிற்க முடியாமல் படிந்தது. கூடவே குவார்ட்ஸும் படிந்தது. இந்த வெள்ளைக் கல் நரம்புகளில் பெரியதற்குத்தான் சாம்பியன் ரீஃப் என்று பெயர்.

1989ல் ராஜாமணியும் அவரோடு வேலைசெய்த ஆய்வாளர்களும் இந்தப் பட்டையின் இரண்டு பக்கத்து நைஸ்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இவை வெவ்வேறு வரலாறு கொண்ட இரண்டு நிலத்துண்டுகள், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்து ஒட்டியவை என்று எழுதினார்கள். அவர்கள் வாசிப்பில் கோலார் ஒரு தையல்.

பாறை இப்படி. அதில் எங்கே தோண்டுவது என்பதுதான் கேள்வி. 80 கிலோமீட்டர் பட்டையில் தங்க நரம்போ சில அடி அகலம்தான். லாவெல் 1873ல் மைசூர் அரசிடம் உரிமை கேட்டு, உரிகம் பக்கம் தோண்டிப் பார்த்து, பணம் போதாமல் அதை ராணுவ அதிகாரிகள் அடங்கிய ஒரு கூட்டத்துக்குக் கைமாற்றிவிட்டார். 1880ல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்தது. பங்குகள் விற்றன, ஷாஃப்ட்டுகள் இறங்கின, தங்கம்தான் வரவில்லை. மைசூர் மைனைக் கைவிட்டுவிடலாமா என்கிற நிலைமை. அந்த நேரத்தில், 1883ல், அனுப்பப்பட்ட கேப்டன் பிளம்மர் செய்தது ஒன்றுதான். பழங்காலத்துக் குழிகளின் வரிசையைப் பார்த்தார். அவற்றுக்கு அடியில் இறங்கினார். சாம்பியன் ரீஃப் கிடைத்தது.

இதைத்தான் நம் வரலாற்றெழுத்து ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறது. பழைய குழிகள் கண்டபடி பறித்த பள்ளங்கள் அல்ல. நரம்பு எங்கே தடித்தது, எங்கே மெலிந்தது, எந்தப் பக்கம் சரிந்தது என்று தலைமுறை தலைமுறையாக வாசித்தவர்கள் பூமியில் எழுதிவைத்த வரைபடம். நெருப்பு மூட்டிப் பாறையைச் சூடேற்றி வெடிக்கவைத்து இறங்கியவர்கள். இதே வகைப் பாறையில் அமைந்த ரெய்ச்சூர் ஹட்டியில் அவர்களுடைய குழிகள் 600 அடிக்கும் கீழே போயிருக்கின்றன. நீர்தான் அவர்களை நிறுத்தியது, அறியாமை அல்ல. புவியியலும் இதே தடத்தில்தான் நடந்தது. பல்லாவரத்தில் 1863ல் கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1880களில் மைசூரின் தங்கப் பகுதிகளைச் சுற்றி வந்தபோது பழைய குழிகளையும் குறித்துக்கொண்டே போனார். இந்தக் கரும்பாறைகளுக்கு 'தார்வார்' என்று பெயரிட்டவர் அவர்தான். பெயர் வைக்கிறது ஒருத்தர், குழி வெட்டினது இன்னொருத்தர். பெயருக்கு ஆசிரியர் உண்டு, குழிக்குக் கிடையாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'எல்லாம் எங்களுக்கு முன்பே தெரியும்' என்கிற பெருமைப் பேச்சுக்கு இதை இழுத்துப்போய்விடக் கூடாது. அந்தக் குழிகளில் எடுத்த பொன் குழி வெட்டியவர் வீட்டுக்குப் போயிருக்கும் என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை. வாரன் பார்த்த மனிதர்களின் பெயரும் பேச்சும் நமக்குக் கிடையாது. ஒரு ராணுவ அளவையாளரின் பார்வைக்குள் வந்த அளவுதான் அவர்கள் இருக்கிறார்கள்.

கம்பெனி வந்த பிறகும் குழிக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கத்திலிருந்து போன தமிழ் பேசும் தலித்துகளே. அறிவு இப்போது மேலே அலுவலகத்தில், உடல் கீழே. 1897ல் வந்த மைசூர் சுரங்கச் சட்டம், தொழிலாளி கையில் தங்கத் தாது இருந்தால் அது எப்படி வந்தது என்று அவனே விளக்க வேண்டும் என்றாக்கியது. ஒரு காலத்தில் தங்கத்தைக் காட்டினால் பரிசு, இப்போது கையில் இருந்தால் திருட்டு. 1930ல் எல்லாரும் கைரேகை வைக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது தொழிலாளர்கள் ஒட்டுமொத்தமாக வேலையை நிறுத்தினார்கள். அயோத்திதாசர் மறைந்து பல வருஷம் கழித்து, 1926ல் 'தமிழன்' இதழை மீண்டும் கொண்டுவந்த அப்பாதுரையார் இந்த ஊரிலிருந்துதான் அதை நடத்தினார். மாரிக்குப்பத்தில் அதற்கு முன்பே பௌத்த சங்கம் இருந்தது. குழிக்குள்ள கல்லை வாசிச்சவங்க மேலே வந்து சாதியையும் வாசிச்சாங்க என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

நரம்பைத் துரத்திக்கொண்டு சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டியது. மேலே உள்ள எடை தாங்காமல் பாறை தானே வெடிக்கும். குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் ஆகும். 250 கோடி ஆண்டுக்கு முன் வெடிப்பில் படிந்த அதே சிலிக்கா மனிதனின் மூச்சில் படிந்தது. இது உவமை அல்ல, மருத்துவ உண்மை.

1956ல் மைசூர் அரசுடைமை, பிறகு மத்திய அரசு, 2001 பிப்ரவரி 28ல் மூடல். மொத்தம் 800 டன் அளவில் தங்கம் போயிருக்கிறது. மிஞ்சியது சயனைட் மேடுகள், அரைத்துச் சலித்துக் கொட்டிய 3 கோடி டன்னுக்கும் மேலான கழிவு மண். காற்றடிச்சா வீட்டுக்குள்ள வரும் மண். அந்த மேடுகளிலும் தங்கம் மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போட்டாகிவிட்டது. அவற்றை மறுபடி அலச 2024ல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதலும் கொடுத்துவிட்டது.

அடுத்த 'கண்டுபிடிப்பு' தயாராகிறது. அந்த மேடு ஒவ்வொன்றும் யாரோ தோண்டி, யாரோ இடித்து, யாரோ சுமந்து கொட்டியது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் விடிவதற்கு முன் ரயில் ஏறி பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள். மேட்டில் எத்தனை கிராம் இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் எளிதில் கிடைத்துவிடும். மேடு யாருடையது என்ற கேள்வியை இதுவரை யாரும் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அதை எழுப்ப வேண்டியவர்கள் நாம்தான்.