எழுதப்படாத ஆணை: டி.டி.கே.யும் முந்த்ரா விவகாரமும்

1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி (டி.டி.கே.) பதவி விலகியதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியே வந்திருக்கிறார்கள்: கல்கத்தா தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவுக்கு அவர் தெரிந்தே உதவினாரா, அதிகாரிகள் செய்த பிழைக்குப் பலியானாரா? அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இருந்தவர், சென்னையிலிருந்து மக்களவைக்குச் சென்றவர் என்பதால் தமிழகத்தில் இரண்டாவது விடைக்கே ஆதரவு அதிகம். அமைச்சருக்கும் முந்த்ராவுக்கும் நட்பு இருந்ததா என்று தேடுவதால் இந்த விவகாரம் விளங்காது என்பது என் கருத்து. அவ்விருவரையும் இணைத்தது, சட்டம் எழுத்தில் கேட்ட ஆணையை வாய்மொழியாக முடித்துக்கொண்ட ஒரு நிர்வாகப் பழக்கம்.

இதன் வேர் 1955-இல் இருக்கிறது. ராமகிருஷ்ண டால்மியா தம் ஆளுகையிலிருந்த காப்பீட்டு நிறுவனத்தின் பணத்தைச் சொந்தத் தொழில்களுக்குத் திருப்பியதை, ரேபரேலி உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி மக்களவையில் ஆதாரங்களோடு எடுத்துவைத்தார். பாலிசிதாரர்களின் பணம் முதலாளிகளின் கையில் பாதுகாப்பாக இல்லை என்ற எண்ணம் அதனால் வலுப்பட்டது. மறு ஆண்டே ஆயுள் காப்பீட்டுத் தொழில் அரசுடைமையாகி, 245 நிறுவனங்களை இணைத்து 1956 செப்டம்பர் 1 அன்று ஆயுள் காப்பீட்டுக் கழகம் (எல்.ஐ.சி.) பிறந்தது. அதன் சட்டத்தை இயற்றியவர்கள் அரசின் கை நீளக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் மத்திய அரசு கழகத்துக்கு வழிகாட்டலாம், ஆனால் எழுத்தில்தான் என்று 21-ஆம் பிரிவு சொல்கிறது. தனியார் முதலாளியிடமிருந்து மீட்ட பணத்தை அமைச்சகத்திடமிருந்து காக்க வைத்த பூட்டு அது. ஓராண்டு முடிவதற்குள் அது உடைந்தது.

முந்த்ரா சிறு மின்விளக்கு வியாபாரத்தில் தொடங்கி, கடன் வாங்கிய பணத்தால் பங்குகளை வளைத்து, ஜெஸ்ஸப், ரிச்சர்ட்சன் குருடாஸ் போன்ற பழைய பிரிட்டிஷ் கம்பெனிகளைப் பிடித்தவர். போலிப் பங்குகள் விற்ற புகார் அவர்மீது முன்னமே இருந்தது. கடன் நெருக்கிய 1957 ஜூனில் அவர் நிதித்துறை முதன்மைச் செயலாளர் எச்.எம். படேலை அணுகினார். சில நாட்களுக்குள் எல்.ஐ.சி. அவருடைய ஆறு கம்பெனிகளின் பங்குகளை 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. சந்தை அறிந்தவர்கள் இடம்பெற்ற முதலீட்டுக் குழுவை முன்கூட்டிக் கேட்கவில்லை. எழுத்தில் எந்த ஆணையும் பிறக்கவில்லை.

டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி இதை மக்களவையில் கிளப்பினார். பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தனிநபர் ஆணையமாக நியமிக்கப்பட்டார். அறைக்குள் இடமில்லாதவர்களுக்காக ஒலிபெருக்கி கட்டிப் பகிரங்கமாக நடந்த அந்த விசாரணை 24 நாட்களில் முடிந்தது. கல்கத்தா பங்குச் சந்தை சரிந்துகொண்டிருந்தது, அதைத் தாங்கவே வாங்கினோம் என்பது அரசுத் தரப்பின் வாதம். சந்தையைத் தாங்க விரும்பியவர்கள் ஏன் ஒரே மனிதரின் பங்குகளை, அவர் இருப்பாக வைத்திருந்ததை, அவரிடமே பேரம் பேசி வாங்கினார்கள்? சாக்ளா அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. அமைச்சர் ஒப்புதல் தந்தார் என்று படேல் சாட்சியம் சொன்னார், டி.டி.கே. மறுத்தார். நாட்டின் நிதியமைச்சரும் அவருடைய முதன்மைச் செயலாளரும் ஒரே உரையாடலை இரு விதமாக நினைவுகூர்ந்தபோது, நீதிபதி புரட்டிப் பார்க்க ஒரு கோப்புக்குறிப்புகூட இல்லை. 21-ஆம் பிரிவு எதற்காக எழுதப்பட்டது என்பது அந்த இடத்தில்தான் முழுமையாகத் தெரிகிறது.

டி.டி.கே. ஒரு காசும் எடுத்துக்கொள்ளவில்லையே, செயலாளர் செய்ததற்கு அமைச்சர் ஏன் விலக வேண்டும் என்ற ஆட்சேபம் அன்றே எழுந்தது. நேருவுக்கும் அவர்மேல் இருந்த நம்பிக்கை குறையவில்லை. அவர் ஆதாயம் பெற்றதாக ஆணையமும் சொல்லவில்லை என்பதை அழுத்தமாகவே பதிவு செய்ய வேண்டும். அந்த வகையில் அவர்மேல் ஊழல் முத்திரை குத்துவது அநியாயம். ஆனால் கேள்வி லஞ்சம் பற்றியது மட்டும் அல்ல. செயலாளரின் செயலுக்கு நாடாளுமன்றத்தில் பொறுப்பேற்க வேண்டியவர் அமைச்சரே என்று சாக்ளா கூறியது கடுமையான தீர்ப்புதான். வாய்மொழி உத்தரவால் நடக்கும் ஆட்சியில் அதைவிட இலகுவான தீர்ப்பு எதுவும் பயன்படாது. சொன்னவரும் மறுக்கலாம், செய்தவரும் மறுக்கலாம், பாலிசிதாரர் யாரிடம் போய்க் கேட்பார்? அரசு தலையிட விரும்பினால் எழுத்தில் ஆணையிடும் பொறுப்பிலிருந்து நழுவக் கூடாது என்று அறிக்கை கேட்டுக்கொண்டதும் இதனால்தான். பின்னர் விவியன் போஸ் தலைமையில் அமைந்த விசாரணை வாரியம், முந்த்ரா காங்கிரசுக்குக் கொடுத்த நன்கொடைகளையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. எழுத்தில்லாத ஆணையோடு கட்சி நிதியும் சேரும்போது, நேர்மையான ஓர் அமைச்சரால்கூடத் தம்மைச் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவர் என்று நிரூபிக்க முடியாமல் போகிறது. டி.டி.கே.க்கு நேர்ந்த துயரம் அதுவே.

முந்த்ரா சிறை சென்றார். டி.டி.கே. 1962-இல் திருச்செந்தூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் திரும்பி, அடுத்த ஆண்டே மீண்டும் நிதியமைச்சரானார். படேலும் 1977-இல் அதே நாற்காலியில் அமர்ந்தார். 1957 ஜூனில் அந்தப் பங்குகளை வாங்குமாறு எல்.ஐ.சி.யிடம் சொன்னது யார் என்பதற்கு அவர்கள் இருவரின் முரண்பட்ட சாட்சியங்கள்தான் பதிவில் இருக்கின்றன. சட்டம் கேட்ட தாள் இல்லை.