ஒரு கல்லுக்கு இருவர்

சென்ற ஆண்டு எங்கள் சித்தப்பாவுக்கு இரத்தத்தில் கிருமி பரவி, சில வாரங்கள் மருத்துவமனையில் கிடக்க நேர்ந்தது. தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தே வாழ்ந்தவர். வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி என்பதால், டாப்டோமைசின் என்ற மருந்தை நாளுக்கு ஒருமுறை இரத்த நாளத்தின் வழியே ஏற்றினார்கள். பத்து நாள் கழிந்திருக்கும். "தொடை ரெண்டும் கல்லுக் கட்டுன மாதிரி இருக்கு மக்கா" என்றார். டாக்டரிடம் சொல்ல வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார். படுத்தே கிடந்தால் உடம்பு அப்படித்தான் இருக்குமாம். நாங்கள் சொன்னோம். அன்றே இரத்தம் எடுத்துப் பார்த்ததில் சி.பி.கே. பல மடங்கு ஏறியிருந்தது. தசை சிதையும்போது இரத்தத்தில் கசியும் நொதி அது. மருந்தை மாற்றினார்கள், கொழுப்புக்காக அவர் உட்கொண்டுவந்த ஸ்டாட்டின் மாத்திரையையும் நிறுத்தினார்கள். அதுவும் தசையைத் தாக்கக்கூடியது.

கல் என்று அவர் சொன்னது வெறும் உவமையன்று. இக்கரையின் முத்துக் குளிப்பே கல்லைப் பற்றி நின்றது. கயிற்றில் கட்டிய கல்லில் காலூன்றி அடித்தளத்துக்கு இறங்குவர்; சிப்பி திரட்டியதும் மேலே இருப்பவர் கயிறு பிடித்து இழுப்பர். ஒரு கல்லுக்குக் குளிப்பவர் இருவர். 1803இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட ராபர்ட் பெர்சிவல், மன்னார்ப் பக்கத்துச் சலாபத்தில் தோணிக்குப் பத்துப் பேர் குளித்ததையும், ஐவர் இறங்கும்போது ஐவர் இளைப்பாறியதையும் பதிவு செய்துள்ளார். சுறாவை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லிக் கூலி வாங்கிய கடல்கட்டிகளைப் பற்றித்தான் பலரும் வியந்து எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கோ அந்த மாற்றுமுறைதான் பெரிய அறிவாகப் படுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ், கொற்கைப் பகுதியில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. அவர்களுக்கு அந்த இளைப்பாறல் கிடைத்திருக்குமா என்ன?

டாப்டோமைசினின் வரலாறும் இடைவெளியின் வரலாறுதான். துருக்கியின் அராரத் மலைச்சரிவில் எடுத்த மண்ணில் வாழ்ந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் ரோசியோஸ்போரஸ் என்ற நுண்ணுயிரிலிருந்து, 1980களில் எலி லில்லி நிறுவனத்தார் அதைப் பெற்றனர். நல்ல மருந்து, ஆனால் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை கொடுத்துச் சோதித்தபோது சில தன்னார்வலர்களின் தசை வலுவிழந்தது, சி.பி.கே. உயர்ந்தது. மருந்தைக் கிடப்பில் போட்டார்கள். 1997இல் கியூபிஸ்ட் என்ற சிறு நிறுவனம் உரிமையைப் பெற்றுக்கொண்டது. நாய்களில் செய்த ஆய்வில் வியப்பான ஒன்று தெரிந்தது: ஒரு நாளைக்குரிய அதே அளவைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தால் தசைச் சேதம் மிகுதி, ஒரே வேளையில் கொடுத்தால் குறைவு. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதே உடம்புக்கு இதம் என்று நாம் நம்புவதற்கு நேர்மாறு இது. இரு வேளைகளுக்கு இடையே மருந்தளவு போதிய நேரம் தாழ்ந்திருந்தால்தான் தசைநார் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்கிறது. கிருமியைக் கொல்வதற்கோ உச்ச அளவு போதும். நாளுக்கு ஒருமுறை என்று முறையை மாற்றியதும், கைவிடப்பட்ட மருந்து 2003இல் அமெரிக்க அனுமதி பெற்றது. இரத்தத் தொற்றுக்கு 2006இல். அப்போதும் வாரம் ஒருமுறை சி.பி.கே. பார்க்கவேண்டும் என்ற எச்சரிக்கை நீங்கவில்லை. சேதம் மிஞ்சினால் தசையிலிருந்து வெளியேறும் மையோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும்.

இவ்வகைத் தீங்கு இந்த ஒரு மருந்தோடு நிற்பதில்லை. மருந்துக்கடைகளில் சர்வசாதாரணமாகப் புழங்கும் சிப்ரோஃப்ளாக்சசின் வகைகளுக்குத் தசைநாண் அறுபடலாம் என்ற எச்சரிக்கையை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008இல் கட்டமிட்டு அச்சிடச் செய்தது. மயஸ்தீனியா என்னும் தசைத்தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்கு அவை அந்நோயை முற்றச்செய்யும் என்பதை 2011இல் சேர்த்தார்கள்.

எங்களை உறுத்துவது வேறு. உப்பளத்திலும் துறைமுகத்திலும் தோணியிலும் உடலால் உழைப்பவர்கள் தசைவலியை நோயாகக் கணக்கில் எடுப்பதில்லை. அது அன்றாடக் கூலியோடு வருவது. மருத்துவர் "வலி இருக்கா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார்கள். இந்த மருந்துக்கோ முதலில் வரும் எச்சரிக்கையே அந்த வலிதான். கேட்கும் கேள்வியை மாற்றவேண்டும்: மாடிப்படி ஏற முடிகிறதா, குந்தி எழ முடிகிறதா, சிறுநீர் என்ன நிறம்? சித்தப்பாவிடம் முதல் நாளே இப்படிக் கேட்டிருந்தால் மறைத்திருக்க மாட்டார்.

இரண்டு வாரத்தில் சி.பி.கே. இறங்கிற்று. சுவர் பிடித்து நடந்தவர் பிறகு கைத்தடியோடு கடற்கரைக்குப் போனார். தூத்துக்குடியின் கடைசிச் சலாப வரிசை 1955 முதல் 1961 வரை நடந்தது. அப்போது அவர் சிறுவர், தோணியில் ஏற்றவில்லை. கரையில் அழுகக் குவித்த சிப்பியின் நாற்றம் மட்டும் இன்னும் மூக்கில் இருப்பதாகச் சொல்வார்.