பச்சை மையும் கிளாஸ் டூவும்

டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் வழங்க இந்தியாவில் முதலில் உரிமம் பெற்றது ஒரு தரமணிக் கம்பெனி. 2000 ஜூலை 4 அன்று பிரதமர் வாஜ்பாய் தரமணியில் டைடல் பார்க்கைத் திறந்துவைத்தார். அந்த அக்டோபர் 17-ல், டிஜிட்டல் கையெழுத்தைச் செல்லுபடியாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டம் அமலுக்கு வந்தது. 2002-ல் முதல் உரிமத்தை வாங்கிய சேஃப்ஸ்கிரிப்ட், அதே கட்டடத்தில் இருந்த சத்யம் இன்ஃபோவேயின் துணை நிறுவனம்.

அப்போது சான்றிதழ் மூன்று தரம். கிளாஸ் ஒன்னுக்குப் பெயரும் மின்னஞ்சலும் போதும். கிளாஸ் டூவுக்குக் காகிதத்தைச் சரிபார்த்தார்கள். கிளாஸ் த்ரீக்கு ஆளே நேரில் போய் நிற்கவேண்டியிருந்தது. ஆள் யோக்கியனா என்பதல்ல, சான்று தருபவர் எவ்வளவு தூரம் பார்த்தார் என்பதுதான் தரம்.

நான் அடையாறில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டியவன். 2006-ல் கம்பெனிப் படிவங்களை ஆன்லைனில் தாக்கல் செய்யும் எம்.சி.ஏ.21 வந்ததும் படிவத்தில் கையெழுத்திடும் டைரக்டர்களுக்கெல்லாம் இந்தச் சான்றிதழ் தேவைப்பட்டது, கிளாஸ் டூ போதும் என்றார்கள். போட்டோ, பான் கார்டு ஜெராக்ஸ், அதன்மேல் கெசட்டட் ஆபீசரோ பேங்க் மேனேஜரோ போஸ்ட்மாஸ்டரோ போடும் அட்டெஸ்டேஷன். எங்களுக்குத் தெரிந்த ஆபீசர் ஒருவர் டைரக்டர்களில் பாதிப் பேரைப் பார்த்ததே இல்லை. ஜெராக்ஸை மட்டும் பார்த்துப் பச்சை மையில் கிறுக்கிவிடுவார். உடைக்கமுடியாத கணக்கென்று பீற்றிக்கொண்ட சங்கேதச் சாவி, கடைசியில் அந்தக் கிறுக்கலை நம்பி நின்றது. அந்தச் சாவியைத் தாங்கி வந்த யு.எஸ்.பி. டோக்கன்களோ ரப்பர் பேண்ட் போட்டு எங்கள் டிராயரில் கிடந்தன, பின் நம்பர் ஒட்டிய சீட்டோடு.

இதற்கு மாறாக, 1991-ல் பில் சிம்மர்மன் வெளியிட்ட பி.ஜி.பி. என்ற சங்கேத மென்பொருளில் ஆபீசும் இல்லை, உரிமமும் இல்லை. தெரிந்தவர் சாவிக்குத் தெரிந்தவரே கையெழுத்திடுவார். பின்னாளில் அதற்கும் நான்கு தரம் வகுத்தார்கள்: சொல்வதற்கில்லை, சரிபார்க்கவே இல்லை, ஓரளவு பார்த்தேன், நன்றாகப் பார்த்தேன். ‘சரிபார்க்கவே இல்லை’ என்ற கையெழுத்தை, பி.ஜி.பி. வழியில் வந்த ஜி.என்.யு.பி.ஜி. மென்பொருள் நம்பிக்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பலரும் ‘சொல்வதற்கில்லை’யிலேயே நின்றார்கள். எனக்கு அதில்தான் மரியாதை. நம் அட்டெஸ்டேஷன் முத்திரையில் அப்படியொரு வழி கிடையாது. பார்த்தவரும் பார்க்காதவரும் ஒரே வாசகத்தின் கீழ்தான் கையெழுத்திட்டார்கள்.

2021 ஜனவரி 1 முதல் கிளாஸ் டூ வழங்குவதில்லை. கம்பெனி வேலைக்கு இப்போது கிளாஸ் த்ரீதான். வீடியோவில் முகம் காட்டவேண்டும். நல்ல மாற்றம். ஆனால் டோக்கன் யார் கையில் இருக்கிறது என்பதை வீடியோ பார்க்காது. டைரக்டராக இருப்பவர்களே, தயவுசெய்து ஆடிட்டரிடம் கேட்டு உங்கள் டோக்கனைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பின் நம்பரையும் மாற்றிவிடுங்கள்.