உப்புக் காற்றில் ஒரு மின்சார யாழ்

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து ஆரோவிலுக்குப் போகும் கடற்கரைச் சாலையில் என் நண்பர் ஒருவர் குடியிருக்கிறார். சென்ற மாசி மாதம் நான் போயிருந்தபோது அவர் வீட்டில் யுத்தம் மூண்டிருந்தது. மகன் எலெக்ட்ரிக் கிதார் ஒன்றை வாங்கி வந்துவிட்டான்.

"வீணை படிடா என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கரண்டில் ஓடுகிற வாத்தியத்தை வாங்கி வந்திருக்கிறான். நம் மண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள் ஸார்! வெள்ளிக்கிழமை கடைக்கே திருப்பி அனுப்பிவிடப் போகிறேன்."

பையன் பேசவில்லை. விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவை சிவந்து கன்றியிருந்தன.

சம்பந்தம் உண்டா இல்லையா? அந்த மண்ணையே கேட்டால் என்ன? அது ஓய்மானாட்டுச் சீமை. நல்லியக்கோடன் ஆண்ட நாடு. சிறுபாணாற்றுப்படையில் ஏழு நரம்புச் சீறியாழை ஏந்திய பாணன், கடலோரத்து எயிற்பட்டினம் வழியாகத்தான் அவனிடம் போக வழி கேட்கிறான். அந்தப் பட்டினம் மரக்காணத்துப் பக்கம் என்பது அறிஞர் பலருடைய கருத்து. உப்பு வண்டியோடு வந்த மந்தி உமணர் பிள்ளைகளோடு விளையாடும் காட்சியும் அந்தப் பாட்டிலேயே வருகிறது. உப்பும் நரம்பிசையும் அங்கே பழைய அண்டை வீட்டார்!

அந்த யாழ் பிறகு என்ன ஆயிற்று? வழக்கொழிந்தது. அது எப்படி இருந்தது என்று ஆராய்ந்து, விபுலானந்த அடிகள் 1947-இல் 'யாழ் நூல்' வெளியிட வேண்டியதாயிற்று. நம்முடையது என்று பெயர் இருந்தால் மட்டும் ஒரு வாத்தியம் பிழைத்துவிடுவதில்லை.

பிழைத்த கதையையும் பாருங்கள். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் பிடில் கற்றார். கோட்டைப் பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த அந்தப் பிடில் இன்று இல்லாவிட்டால் சபாக்களில் பாட்டுக்காரர் பாடு என்ன ஆகும்!

மின்சாரத்தைக் கண்டு பயப்படவும் ஒன்றுமில்லை. 1831-இல் ஃபாரடே கண்ட உண்மைதான். காந்தத்துக்குமேல் எஃகுக் கம்பி அதிர்ந்தால் பக்கத்துச் சுருளில் மின்சாரம் எழும். பெட்டி அதைப் பெருக்கும். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் கிதார் ஒன்றுக்கு அதன் உருவத்தைப் பார்த்து 'வாணலி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த வாணலியின் வம்சத்தில் வந்த மின்சார மாண்டலினில்தான், 1969-இல் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ் என்ற ஆந்திரச் சிறுவன், நான்கு ஜோடிக் கம்பிகளை விட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளைப் பூட்டிக்கொண்டு கர்நாடக சங்கீதத்தை வாசித்தான். அவனுடைய குரு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் கம்பியில் தேடிப் பிடிப்பான்.

நண்பர் "ஹும்" என்றார். நான் பையன் பக்கம் திரும்பினேன். நானே சிறுவயதில் புல்லாங்குழலைத் தொட்டு மூன்றாம் மாதம் ஓடிவந்தவன். யோசனை சொல்ல அதைவிடப் பெரிய தகுதி வேண்டுமா?

"தம்பி, மெட்டின் மேலேயே விரலை வைக்காதே, அதற்குச் சற்று இப்பால் வை. பாதி பலம் போதும். தினம் கால் மணி நேரம் வாசி. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் உட்கார்ந்து விரலைப் புண்ணாக்கிக்கொள்ளாதே. சில வாரத்தில் நுனி காய்த்துவிடும். உட்காரும்போதெல்லாம் முதலில் சுருதி சேர். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியைத் துடை. இந்த உப்புக் காற்று எஃகைச் சும்மா விடாது. அப்பா தூங்கும்போது காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்."

"எதை வாசிப்பது, மாமா?"

"சரளி வரிசையை. வீணையைப் போலவே இதிலும் ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டு. ஒரே கம்பியில் போ. வெறுங்கம்பி ஸட்ஜம். பிறகு ஒன்று, நான்கு, ஐந்து, ஏழு, எட்டு, பதினொன்று. பன்னிரண்டில் மேல் ஸட்ஜம். மாயாமாளவகௌளை வந்துவிடும்."

பையன் மெதுவாகத் தடவிக்கொண்டு போனான். நண்பர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பஞ்சமம் வரை சரியாக வந்தது.

பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் எழுந்தது. "தைவதம் ஏறிப் போச்சுடா. சுத்த தைவதம். எங்கே, நான் பாடறேன், பிடி."