புகை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?



போன வாரம் பேத்தி கேட்டாள்: "தாத்தா, ஜன்னல் எல்லாம் மூடியிருக்கே, ஃப்ளைட்டுக்குள்ள காத்து எப்படி வருது?" பெரும்பாலான ஜெட் விமானங்களில், இன்ஜின் உள்ளே இழுத்து அழுத்தும் காற்றில் ஒரு பகுதியை, எரிபொருள் சேரும் முன்பே பிரித்துக் குளிரவைத்துப் பயணிகளுக்கு அனுப்புகிறார்கள் என்றேன். சொல்லும்போதே இங்கிலாந்தின் கெக்வொர்த் விபத்து நினைவுக்கு வந்தது.

1989 ஜனவரி 8 இரவு. லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குக் கிளம்பிய போயிங் 737-400 விமானத்தில் 126 பேர். 13ஆவது நிமிடத்தில் இடது இன்ஜினின் விசிறி இதழ் ஒன்று உடைந்தது. விமானம் குலுங்கியது. உள்ளே புகை.

பழைய 737 விமானங்களில் பயணிகள் பகுதிக்குக் காற்று பெரும்பாலும் வலது இன்ஜினிலிருந்துதான் போகும். அதில் பழகிய கேப்டன், புகை பயணிகள் பக்கமிருந்து வருகிறது, ஆகவே கோளாறு வலதில் என்று எண்ணினார். புதிய மாடலில் இடது இன்ஜின் காற்றும் அங்கே போகும்! எந்த இன்ஜின் என்று கேட்டதற்குத் துணை விமானியும் 'இடது' என்று தொடங்கி 'வலது' என்று மாற்றிச் சொன்னார். நல்ல இன்ஜினை நிறுத்திவிட்டார்கள்.

இங்கேதான் விதி விளையாடியது. வலது இன்ஜினின் வேகத்தைக் குறைத்ததுமே குலுக்கலும் புகையும் அடங்கின. உண்மையில், தானியங்கி வேகக் கட்டுப்பாட்டை அணைத்ததால் இடது இன்ஜினுக்குப் போன எரிபொருளும் குறைந்திருந்தது. விடை சரியாக வந்ததுபோல் தெரிந்தால் வழிமுறையை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்? அதிர்வுமானி இடதைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அது மிகச் சிறியது, பழைய விமானங்களில் நம்ப முடியாததென்று பெயர் வாங்கியதும்கூட.

என்னை உறுத்துவது வேறு. வலது இன்ஜினில் கோளாறு என்று கேப்டன் ஒலிபெருக்கியில் அறிவித்தார். இடது இன்ஜினில் தீப்பொறி பறந்ததைப் பயணிகள் பலரும் பணியாளர்கள் சிலரும் பார்த்திருந்தார்கள். ஒருவரும் போய்ச் சொல்லவில்லை. ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் ஓடுதளம் கண்ணெதிரே இருக்கும்போது இடது இன்ஜினும் கைவிட்டது. நெடுஞ்சாலைக் கரையில் மோதி 47 பேர் இறந்தார்கள். விமானிகளுக்கும் பணியாளர்களுக்கும் சேர்த்தே பயிற்சி தர வேண்டுமென்று விசாரணை அறிக்கை பரிந்துரைத்தது.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் கரும்பலகையில் நான் கணக்கைத் தப்பாகப் போட்டேன். வகுப்பே அப்படியே நோட்டில் எழுதியது. மணி அடித்தபின் ஒருத்தி மட்டும் வாசலில் நின்று, "சார், அந்த மூணாவது வரி..." என்று இழுத்தாள். "அப்பவே சொல்றதுக்கென்ன?" என்றேன். "நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்னு..." என்றாள்.

இதைப் படித்தால் அவள் கமெண்டில் ஒரு வார்த்தை எழுதட்டும்.