திரையில் ஐனு மக்கள்: முகமும் மொழியும்

ஜப்பானியச் சிற்றூர் வாழ்வைக் காட்டும் திரைப்படங்களைக் காண்போர்க்கு, அந்நாட்டவர் அனைவரும் ஓரினத்தவர், ஒருமொழியினர் என்னும் எண்ணம் எளிதில் தோன்றும். அவ்வெண்ணம் வரலாற்றுக்குப் பொருந்தாது. வடதீவாகிய ஹொக்கைடோவில் வாழும் தொல்குடியினரான ஐனு மக்களின் மொழிக்கு ஜப்பானிய மொழியுடனோ பிற மொழிகளுடனோ உறவு நிறுவப்படவில்லை. இம்மக்களைத் திரை எங்ஙனம் காட்டியது என்பதை இரு படங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நருசே மிக்கியோ 1959இல் இயக்கிய 'கோத்தான் நோ குச்சிபுயே' முதலாவது. 'கோத்தான்' என்பது ஊரைக் குறிக்கும் ஐனுச் சொல். பள்ளியில் இழிவுக்குள்ளாகும் ஐனுச் சிறார் இருவரின் துயரை இப்படம் பரிவோடு கூறுகிறது. எனினும் தந்தையாக நடித்த மோரி மசாயுக்கி உள்ளிட்ட முதன்மை நடிகர்கள் ஜப்பானியரே. உரையாடலும் ஜப்பானிய மொழியிலேயே நிகழ்கிறது.

நடிகர் தேர்வைக் குறை கூறலாம். உரையாடல் மொழியை அவ்வாறு கூறுதல் பொருந்தாது. 1899ஆம் ஆண்டுச் சட்டம் பெயரளவில் ஐனு மக்களைப் பாதுகாக்க எழுந்தது. நடைமுறையில் அவர்களை உழவராக்கவும், அவர்தம் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழிவழிக் கல்வி புகட்டவும் அது பயன்பட்டது. 1997 வரை அது நீக்கப்படவில்லை. ஆகவே 1959இல் ஐனுச் சிறுவன் ஜப்பானிய மொழி பேசுவது உண்மைக்கு மாறானதன்று. அவன் அதனைப் பேச நேர்ந்த காரணமே ஆராயத்தக்கது.

ஃபுக்குநாகா தக்கேஷியின் 2020ஆம் ஆண்டுப் படமான 'ஐனு மொசிர்' அக்கன் ஏரிக்கரையில் நிகழ்கிறது. தந்தையை இழந்த பதினான்கு வயதுக் காந்தோவும், கரடிக்குட்டி ஒன்றை மறைவில் வளர்க்கும் தேபோவும் இதன் நடுநாயகங்கள். அக்குட்டி 'இயோமான்தே' என்னும் கரடி அனுப்பும் சடங்கிற்கு உரியது. இச்சடங்கு காட்டுமிராண்டித்தனமானது என 1955இல் மாவட்ட ஆட்சி விடுத்த சுற்றறிக்கை 2007இல்தான் திரும்பப் பெறப்பட்டது. இயக்குநர் ஐனு இனத்தவர் அல்லர். நடித்தோரோ பெரும்பாலும் அவ்வூர் ஐனு மக்களே, தத்தம் பெயரிலேயே. சடங்கினை மீண்டும் நடத்தலாமா என்பதில் அவர்கள் ஒருமித்த கருத்தினராகக் காட்டப்படவில்லை. ஓரினத்தைக் காட்டும்போது அதனுள்ளே வேறுபாடுகளுக்கும் இடமளித்தமை இப்படத்தின் சிறப்பு எனலாம்.

நினைவுப்பொருள் கடை நடத்தும் காந்தோவின் தாயிடம், அவர் ஜப்பானிய மொழியை நன்கு பேசுவதாகச் சுற்றுலாப் பயணி ஒருவர் பாராட்டுகிறார். அன்றாடப் பேச்சுக்கு அவரிடம் இருப்பதே அம்மொழிதான். மேற்கூறிய சட்டத்தின் விளைவை இதனினும் சுருக்கமாகக் காட்டிய காட்சியை யான் கண்டதில்லை. ஐனு மொழி இங்குப் பாடலிலும் வழிபாட்டிலுமே மிகுதியும் ஒலிக்கிறது.

தலைப்பின் எழுத்தும் நோக்கத்தக்கது. ஐனு மொழிச் சொற்கள் மெய்யொலியில் முடியலாம். ஜப்பானிய அசையெழுத்தில், மூக்கொலி ஒன்றைத் தவிர, மெய்யைத் தனித்து எழுத வழியில்லை. புள்ளியிட்டு மெய்யெழுதும் நமக்கு இவ்விடர் புதிது. சிரி யுக்கியே தொகுத்து 1923இல் வெளியான ஐனுப் பாடல்கள் உரோமன் எழுத்திலேயே அமைந்தன. பின்னர் இறுதி மெய்க்குச் சிற்றளவு கத்தக்கானா எழுத்துகள் வழக்கிற்கு வந்தன. அவை 2000இல் ஜப்பானியக் கணினி எழுத்துத் தரத்திலும் 2002இல் யுனிகோடிலும் இடம்பெற்றன. இப்படத்தின் தலைப்பில் இறுதி எழுத்து அவ்வாறே சிறிதாக எழுதப்படுகிறது. அதனைப் பெரிதாக அச்சிட்டால் 'மொசிர்' என்பது 'மொசிரி' என்றாகிவிடும்.